விரல் ஓடுகிறது, பாட்டு வரவில்லை: பேஸ் பயிற்சியை இசையாக்க எந்த வழி?

ஹட்டன் பக்கமோ பண்டாரவளைப் பக்கமோ பேஸ் கிட்டார் பழகும் பிள்ளைகளோடு கதைத்தால் ஒரே குறையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கலாம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நாலு விரலும் நாலு ஸ்ட்ரிங்கிலும் தடையில்லாமல் ஏறி இறங்குகின்றன. மேஜர் ஸ்கேலோ மைனர் ஸ்கேலோ (ஸ்வர வரிசைகள்) எந்த ஃபிரெட்டில் (கிட்டார்க் கழுத்தின் கட்டத்தில்) கேட்டாலும் வரும். ஆனால் கீபோர்ட்காரர் ஒரு பாட்டை எடுத்ததும் கை ரூட் நோட்டில், அதாவது கோர்டின் அடிப்படை ஸ்வரத்தில், போய் ஒட்டிக்கொள்கிறது. கொஞ்சம் துணிந்து வேறு ஏதாவது வாசித்தால், ஸ்கேலை ஒப்பிப்பது மாதிரியே கேட்கிறது.

இந்த இடத்துக்கு வந்தவர் அடுத்து எதில் நேரத்தைப் போடுவது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. நேரமும் அதிகம் இல்லை. வேலைக்கும் வகுப்புக்கும் பஸ்ஸுக்கும் போனது போக, ராத்திரியில் ஒரு மணித்தியாலம் மிஞ்சினால் பெரிய விசயம். அதுவும் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடென்றால் பக்கத்துக் காம்பிராவுக்கும் (அறைக்கும்) நமக்கும் நடுவில் ஒரு சுவர்தான். விடியற்காலையில் பிரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போக வேண்டியவர்கள் அந்தப் பக்கம் தூங்குகிறார்கள். ஆம்பை (கிட்டாரின் ஒலிபெருக்கியை) திறந்துவிட முடியாது.

இந்த நிலைமைக்குள் எனக்குத் தெரிந்து ஐந்து வழிகள் உண்டு. சீராக அடி சொல்லும் மெட்ரோனோமை வைத்துப் பயிற்சியையே வெட்டி ஒட்டி வேறு உருவமாக்குவது ஒன்று. கோர்டுகளுக்கு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களுக்கு) ஏற்றபடி பயிற்சியை வளைப்பது இன்னொன்று. நல்ல பேஸ்காரர்கள் வாசித்ததைக் காதால் கேட்டு எடுக்கலாம். முதலில் வாயால் பாடிவிட்டு அப்புறம் வாசிக்கலாம். இல்லாவிட்டால் இதையெல்லாம் விட்டுவிட்டு ஆட்களோடு சேர்ந்து வாசிக்கப் போகலாம். ஐந்துமே பலன் தருபவை. ஆனால் ஐந்தையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் கையில் நிற்காது. ஒன்றை முதன்மையாகத் தெரிவு செய்தே ஆக வேண்டும்.

எதை வைத்து ஒப்பிடுவது? நான் பார்ப்பது ஒன்றைத்தான். பயிற்சி நிற்காமல் ஓடும். எல்லா நோட்டும் ஒரே நீளம், ஒரே அழுத்தம், நடுவில் இடைவெளி கிடையாது. விரல் களைத்தால் நிறுத்துவோம், அவ்வளவுதான். பாட்டில் வரும் ஃபிரேஸ், அதாவது ஒரு சின்ன இசை வாக்கியம், அப்படியில்லை. ஓரிடத்தில் எழும்பி, ஓரிடத்தில் சாய்ந்து, ஓரிடத்தில் முடியும். முடிந்தபின் வரும் சும்மா இருக்கும் நேரமும் அதில் சேர்த்திதான். பேஸில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் தடித்த ஸ்ட்ரிங்கை மீட்டிவிட்டால் நாம் கையைத் தளர்த்தும் வரை அது முழங்கிக்கொண்டே இருக்கும். எப்போது அடக்குகிறோம் என்பதில்தான் டிரம்ஸோடு ஒட்டுகிறோமா இல்லையா என்பது தெரியும். ஆகவே ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்பது: எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் பிடிப்பது என்பதை நீ எனக்குச் சொல்லித் தருவாயா?

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் சட்டென்று பிடிபடும். சரளி வரிசையில் தொடங்கி, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று போய், கீதம், வர்ணம், கீர்த்தனை என்று படியேறி, கடைசியில்தான் கற்பனை ஸ்வரத்துக்கு வருவார்கள். கடைசியில் பாடுவதும் அதே ஏழு ஸ்வரம்தான். ஆனால் நடுவில் எத்தனையோ பாட்டுகள் வாயில் ஏறியிருக்கும். எங்கே தொடங்குவது, எங்கே வந்து உட்காருவது என்பது அந்தப் பாட்டுகளில் இருந்து வந்த பழக்கம். பேஸ் பழகும் நாம் வரிசைகளை முடித்துவிட்டு, நடுவில் இருக்கும் கீதத்தையும் வர்ணத்தையும் தாண்டி ஒரேயடியாகக் கற்பனை ஸ்வரத்துக்குக் குதிக்கப் பார்க்கிறோம். அந்த நடுப்படியை எது நிரப்பும் என்பதுதான் இங்கே கேள்வி.

ஒப்பிடுவதற்கு வசதியாக ஒரே பயிற்சியை எடுத்துக்கொள்வோம். எல்லாருக்கும் தெரிந்த ஒன்று விட்டு ஒன்று தாவும் வரிசை: ச க ரி ம க ப ம த. ச என்பதை சி என்று வையுங்கள். ஏ ஸ்ட்ரிங்கில் 3ஆம் ஃபிரெட். க, டி ஸ்ட்ரிங்கில் 2. ரி மறுபடியும் ஏ ஸ்ட்ரிங்கில் 5. ம டி ஸ்ட்ரிங்கில் 3, ப அதே ஸ்ட்ரிங்கில் 5, த ஜி ஸ்ட்ரிங்கில் 2. ஒரு அடிக்கு இரண்டு நோட் வீதம் வாசித்தால் எட்டு நோட்டும் நாலு அடிக்குள், அதாவது ஒரு பாருக்குள் கச்சிதமாக அடங்கிவிடும். அப்படி அடங்குவதுதான் பிரச்சினையே.

முதலில் மெட்ரோனோம் வழி. நோட்டுகளைத் தொட வேண்டாம், அழுத்தத்தை மட்டும் மாற்றுங்கள். தகிட தகிட தக என்று மூன்று, மூன்று, இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் கொஞ்சம் அழுத்தி மீட்டுங்கள். அழுத்தம் ச, ம, ம என்று விழும். கேட்பவருக்கு சி கோர்டில் தொடங்கி எஃப் பக்கம் சாய்வது மாதிரி இருக்கும். இப்போது அதே எட்டை ஐந்தும் மூன்றுமாக, தகதகிட தகிட என்று பிரியுங்கள். அழுத்தம் ச, ப இரண்டிலும் விழுகிறது. கேட்பவருக்கு சி கோர்டை விட்டு நகரவே இல்லை என்று தோன்றும். நோட்டும் விரலும் அதேதான், கோர்ட் மாறியது போலக் கேட்கிறது. முதல் தடவை இதைக் கேட்கும் எவரும் இன்னொரு தடவை வாசித்துப் பார்க்காமல் விட மாட்டார்கள்.

பைலா (இலங்கையின் ஆட்டப் பாட்டு) வாசிக்க வேண்டியவர்களுக்கு இந்த வழியில் இன்னொரு பலன் உண்டு. நம் கல்யாண வீடுகளில் சாப்பாடு முடிந்த பிறகு பைலா இல்லாமல் கூட்டம் கலையாது. அதன் நடை ஆறு எட்டு, தகிட தகிட. நாலு விரல் பயிற்சியை அந்த நடையில் போட்டு, ஒவ்வொரு தகிடவின் முதலிலும் அழுத்துங்கள். முதல் அழுத்தம் முதல் விரலில் விழும், அடுத்தது நாலாம் விரலில், அப்புறம் மூன்றாம் விரல், அப்புறம் இரண்டாம் விரல். பன்னிரண்டு நோட்டில் நாலு விரலுக்கும் ஒவ்வொரு முறை அழுத்தம் வந்துவிடுகிறது. சுண்டுவிரலில் அழுத்தம் வரும்போது சத்தம் மெலிந்தால், உங்கள் கையின் உண்மை நிலவரம் அங்கே தெரிந்துவிடும்.

மெட்ரோனோமை அடிக்கு ஒன்றாக வைக்காமல், இரண்டாம் அடியிலும் நாலாம் அடியிலும் மட்டும் கேட்கும்படி வைப்பதும் நல்ல பழக்கம். பாட்டு நிமிடத்துக்கு 80 அடி என்றால் மெட்ரோனோம் 40. சாவி கொடுக்கும் பழைய மெட்ரோனோமிலும் அந்த எண் இருக்கும், போனில் உள்ள செயலிகளிலும் இருக்கும். முதலாம் அடியை நீங்களே மனதில் வைத்திருக்க வேண்டி வருவதால் காலம் உடம்பில் ஏறும்.

சத்தமில்லாத வேலை, செலவில்லை, யாரும் துணைக்கு வேண்டாம். ராத்திரிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் என் கேள்விக்கு இது பாதிப் பதில்தான் தருகிறது. அழுத்தம் எங்கே என்று சொல்கிறது. முடிவு எங்கே என்று சொல்வதில்லை. நாட்போக்கில் தகிட தகிட தகவும் இன்னொரு பயிற்சியாகிவிடும். இந்த வழியிலேயே இருந்துவிட்டவர்கள் கெட்டியான தாளத்தோடு ஸ்கேல் ஒப்பிப்பதைக் கேட்டிருக்கிறேன்.

கோர்ட் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த பாரில் என்ன கோர்ட் வருகிறது என்று பார்த்து, அதன் நோட்டில் போய் இறங்கும்படி பயிற்சியின் வாலை மாற்றுவதுதான் அது. சியில் இருந்து எஃப்புக்குப் போகிறீர்கள் என்றால் ச க ரி ம க ப வரை வாசித்து, ஏழாவதை விட்டுவிட்டு, எட்டாவதாக க வைத் தொட்டு அடுத்த பாரின் முதலடியில் ம வில் இறங்குங்கள். அரை ஸ்வரத் தூரத்தில் இருந்து வந்து இறங்குவதால் காது அதை ஒரு வரவாகவே எடுத்துக்கொள்ளும். இதைப் பத்துப் பாட்டில் செய்து பார்த்தவருக்குத் தப்பு நோட் வருகிற பயம் போய்விடும். அது பெரிய விடுதலைதான். ஆனால் இந்த வழி மூளையை வைத்தே நடக்கிறது. அடுத்த கோர்ட் என்ன, அதன் மூன்றாவது ஸ்வரம் எது என்று கணக்குப் பார்க்கிற கை, பாட்டைக் கேட்கிற கை இல்லை. முடிவு எங்கே என்பதற்கு அது தருவது ‘கோர்ட் மாறும் இடத்தில்’ என்ற ஒரே பதில். ஒவ்வொரு கோர்ட் மாற்றத்திலும் வந்து இறங்கும் பேஸ் கொஞ்ச நேரத்தில் சலித்துவிடும். தேவையான அறிவு, ஆனால் முதன்மை வழியாக இதை நான் சொல்ல மாட்டேன்.

கேட்டு எடுக்கும் வழிக்கு என் மனதில் நிறைய மரியாதை உண்டு. நமக்கு இந்த விசயத்தில் பக்கத்திலேயே பெரிய சொத்து இருக்கிறது. 1970களின் இறுதியில் இருந்து இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் ரூட் நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. பாடகரின் மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டாகத் தனியே நடக்கும். பல இடங்களில் பாடகர் மூச்சுவிடும்போது பேஸ் பேசும், அவர் பாட வந்ததும் ஒதுங்கிக்கொள்ளும். தோட்டத்துக் கல்யாணத்திலும் கோயில் திருவிழாவிலும் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மெட்டு மனப்பாடம். பேஸை மட்டும் தனியே பிரித்துக் கேட்டிருக்க மாட்டோம். ஏ.ஆர்.ரஹ்மானின் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்தவற்றையும் இப்படிப் பிரித்துக் கேட்கலாம். அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரில் 1960களில் மோடவுன் நிறுவனத்தின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையின் ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டியவர். வேகம் போதவில்லை, அதனால்தான் இசை வரவில்லை என்று நினைக்கும் ஒருவர் அவரைக் கேட்டால் அந்த நினைப்பு மாறிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. போனின் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது. ஈ ஸ்ட்ரிங்கின் அடி நோட் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கர் அதை எழுப்பாது, மேலே உள்ள மெல்லிய ஒலிகள் மட்டும் வரும். சாதாரண ஹெட்போன் போட்டாலே உலகம் மாறிவிடும். யூடியூபில் வேகத்தை 0.75க்கோ 0.5க்கோ குறைக்கலாம், சுருதி மாறாது. இரண்டாவது விசயம் டேப். எந்த ஸ்ட்ரிங், எந்த ஃபிரெட் என்று எண் எழுதிய தாளைப் பார்த்து எடுத்தால் நோட் கிடைக்கும். ஆனால் எவ்வளவு நீளம் பிடித்தார், எங்கே அடக்கினார், எதை மெலிதாகத் தொட்டுவிட்டுப் போனார் என்பது சாதாரணமாக நமக்குக் கிடைக்கும் தாளில் இருக்காது. நமக்கு வேண்டியதோ அதுதான். டேப் பார்த்து எடுத்த பத்துப் பாட்டைவிடக் காதால் எடுத்த நாலு பார் பெரிது.

ஆக இந்த வழி முடிவையும் நீளத்தையும் முழுமையாகக் காட்டுகிறது. குறை என்னவென்றால், இன்னொருவரின் முடிவு அது. அவர் ஏன் அங்கே நிறுத்தினார் என்பது நமக்குள் இருந்து வரவில்லை. நிறையக் கேட்டு எடுத்து, எடுத்ததை அப்படியே வைத்திருப்பவர்கள் புதிய பாட்டு வந்தால் மறுபடியும் ரூட் நோட்டுக்கே போய்விடுகிறார்கள். நேரமும் அதிகம் பிடிக்கும். காது பழகாதவருக்கு நாலு பார் எடுக்கவே ஒரு கிழமை போகலாம்.

வாயால் பாடி வாசிக்கும் வழியைத்தான் நான் முதலிடத்தில் வைக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிட்டாரைக் கையில் எடுக்காதீர்கள். மெட்ரோனோமை 80இல் வைத்து, நம் பயிற்சியின் ஸ்வரங்களைப் பாடத் தொடங்குங்கள். பேஸின் அடி ஸ்தாயியில் சாதாரணக் குரலால் பாட முடியாது. ஆண் குரலென்றால் ஒரு ஸ்தாயி மேலே, பெண் குரலென்றால் இரண்டு ஸ்தாயி மேலே. ஒரே மூச்சில் நாலு பார் பாட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 வேகத்தில் நாலு பார் 12 செக்கன். எட்டு எட்டாக இடைவெளியே விடாமல் பாடிப் பாருங்கள். பாதியில் மூச்சு முட்டும், அல்லது வாய் தானாகவே எங்கோ நிற்கும். அந்த ‘தானாகவே’ நிற்கும் இடம்தான் நாம் தேடுவது. விரல் எத்தனை மணித்தியாலமும் ஓடும், அதற்கு மூச்சு தேவையில்லை. குரலுக்குத் தேவை. அதனால்தான் பாடும்போது ஃபிரேஸ் தானே பிறக்கிறது.

உதாரணத்துக்கு, பலருக்கு ச க ரி ம க என்று ஐந்தில் வாய் நின்றுவிடும். க நிம்மதியாக நிற்கக்கூடிய ஸ்வரம், மூன்றாம் அடியிலும் விழுகிறது. சரி, மிச்சம் மூன்று நோட்டின் நேரத்தைச் சும்மா விடுங்கள். இரண்டாம் பாரில் அதே உருவத்தை ரியில் இருந்து: ரி ம க ப ம, மறுபடியும் மூன்று நோட் நேரம் சும்மா. கீழே டி மைனர் கோர்ட் போனால் இது அழகாக உட்காரும். இப்போது காது எதையோ எதிர்பார்க்கிறது. மூன்றாம் பாரில் ஜி கோர்டின் மேல், இடைவெளி விடாமல் எட்டையும் பாடுங்கள்: ப நி த ச நி ரி ச க. நாலாம் பாரில் ஒரே ஒரு ச, நீளமாக. பயிற்சியில் இல்லாத ஒரு உருவத்தைக்கூட நாம் சேர்க்கவில்லை. இரண்டு குட்டை, ஒரு நீளம், ஒரு ஓய்வு, அவ்வளவுதான். ஆனால் இதைக் கேட்டால் யாரும் ஸ்கேல் என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்து நீளம். ஸ்வரத்தை விட்டுவிட்டு வெறும் தம், தாம் என்று பாடுங்கள். குறில் வந்தால் குட்டை நோட், நெடில் வந்தால் நீள நோட். தம் தம் தாம் என்று ஒரு தரம், தாம் தம் தம் என்று ஒரு தரம். இப்போது கிட்டாரை எடுத்து அதையே வாசியுங்கள். தம் வரும் இடத்தில் இடது கை விரலை ஃபிரெட்டில் இருந்து தூக்காமல், அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். ஸ்ட்ரிங் உடனே அடங்கும். முழுதாகத் தூக்கினால் திறந்த ஸ்ட்ரிங் முனகும். தாம் வரும் இடத்தில் அடுத்த நோட் வரும் வரை விடாமல் பிடித்திருங்கள். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் பழகினாலே, வாசிப்பைத் தூரத்தில் இருந்து கேட்கிறவருக்கும் மாற்றம் விளங்கும். நம் பிள்ளைகளுக்கு இது கஷ்டமில்லை. குறிலும் நெடிலும் தப்பினால் சொல்லே மாறிவிடும் மொழியைச் சின்ன வயதில் இருந்து பேசுகிறோம், காது ஏற்கெனவே பழகியிருக்கிறது.

‘எனக்குக் குரல் இல்லை’ என்பார்கள். குரல் நன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சுருதி சேரவில்லையா, ஒரே ஸ்வரத்தில் தம் தாம் மட்டும் பாடுங்கள். தாளமும் நீளமும் நிறுத்தமும் அதிலேயே கிடைக்கும். சுருதியைக் கொஞ்ச நாள் கழித்துச் சேர்க்கலாம். வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்களா, வாய்க்குள் முணுமுணுத்தாலே போதும். கரண்ட் போனாலும் இது நடக்கும். கொழுந்து லொறி போகும் பாதையில் நடந்துகொண்டே செய்யலாம், பஸ்ஸில் யன்னலோரம் இருந்தும் செய்யலாம். ஒரு மணித்தியாலம்தான் இருக்கிறது என்ற கவலை இதற்கு இல்லை.

பாடி வாசிப்பதால் பயிற்சியின் மேலும் பழைய மரியாதை திரும்ப வரும். வாய் ஒன்றைப் பாடிவிடும், கை அதை எட்டாது. அப்போது எந்த விரல், எந்த ஸ்ட்ரிங் மாற்றம் இடறுகிறது என்று பார்த்து அந்த இடத்துக்கு மட்டும் பயிற்சி போடலாம். எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்து போடும் பயிற்சி அது.

இதற்கும் ஒரு குறை உண்டு. நம் வாய் கேட்டுப் பழகியதைத்தான் பாடும். ஆறு மாதம் போனால் எல்லா ஃபிரேஸும் ஒரே சாடையில் வரத் தொடங்கும். அதனால்தான் கேட்டு எடுக்கும் வழியை இதற்குத் துணையாக வைக்கச் சொல்கிறேன். கிழமைக்கு ஒரு நாலு பார் போதும். அதையும் முதலில் வாயால் பாடி, சரியாகப் பாட வந்த பிறகே கிட்டாரில் தேடுங்கள். வாய்க்கு வந்ததைக் கை கண்டுபிடிப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போது தெரியும்.

கிட்டாரை எடுக்கும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆம்ப் இல்லாமல் வாசித்தால் சத்தம் காதுக்கு எட்டாமல், கை தன்னை அறியாமல் முரட்டுத்தனமாக மீட்டப் பழகிவிடும். அப்புறம் மேடையில் குட்டை, நீளம், மெலிது, பலம் என்ற எல்லாம் ஒரே அடியாகிப் போகும். ஹெட்போன் போடக்கூடிய சின்ன ஆம்ப் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கிட்டாரின் மேல் கொம்பை மர அலுமாரியின் பலகையில் மெல்லச் சாய்த்து வாசியுங்கள். பலகை அதிர்ந்து உங்களுக்குப் போதுமான அளவு ஒலியைத் தரும், பக்கத்துக் காம்பிராவைத் தொந்தரவு செய்யாது.

ஐந்தாவது, ஆட்களோடு வாசிப்பது. நேரமும் ஆளும் தாராளமாக இருந்தால் இதைவிட உயர்ந்தது எதுவும் இல்லை, இதை நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் மலையகத்தில் ஆட்கள் சேர்வது லேசில்லை. ஒருவர் தலவாக்கலையில், ஒருவர் கொட்டகலையில், டிரம்ஸ்காரர் கொழும்பில் வேலை. கடைசி பஸ் போய்விட்டால் ஒத்திகை முடிந்தது. சேர்கிற அந்த ஒன்றிரண்டு மணித்தியாலத்திலும் வரப்போகும் விழாவுக்கான பாட்டுகளை ஓட்டவே நேரம் போதாது. புதிதாக ஒரு ஃபிரேஸைச் சோதித்துப் பார்க்க யாரும் நின்று காத்திருக்க மாட்டார்கள்.

அப்படியும் இரண்டு வாய்ப்புகளை விட வேண்டாம் என்பேன். ஒன்று தேவாலயப் பாட்டுக் குழு. சபை முழுவதும் சேர்ந்து பாடும்போது வரி முடிவில் எல்லாரும் ஒன்றாக மூச்செடுக்கிறார்கள். பேஸ் அந்த மூச்சுக்கு இடம்விட்டால் பாட்டு எழும்பும். இடம்விடாமல் நோட்டை இழுத்தால் அடுத்த வரி குழப்பமாகத் தொடங்கும். எங்கே நிறுத்துவது என்பதை இருநூறு பேர் சேர்ந்து சொல்லிக்கொடுக்கும் வகுப்பு வேறெங்கே கிடைக்கும்?

மற்றது தப்பு மேளம். மாசி மாதத்தில், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும் தோட்டத்தில் இருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். தப்புக்கு ஸ்வரம் கிடையாது, ஆகவே காது முழுக்க நடையிலும் நிறுத்தத்திலும் போகும். தடித்த குச்சியின் அடியை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அது எங்கே விழுகிறதோ அங்கே பேஸை வைத்துப் பார்க்கலாம். மெல்லிய குச்சி இடையை நிரப்பும், அதை நாம் தொட வேண்டாம். ஆட்டம் மாறப்போகும் போது அடிக்கிறவர் ஒரு முத்தாய்ப்பு வைத்து நிறுத்துவார். ஆடுகிறவரும் பார்க்கிறவரும் ஒன்றாக அதை உணர்வார்கள். பனியில் தோல் தொய்ந்து போகும், நெருப்பில் காட்டிக் காட்டித்தான் வாசிப்பார்கள். அந்த இடைவேளையில் போய்ப் பேசினால் எந்த ஆட்டத்துக்கு எந்த அடி என்று சொல்லித் தருவார்கள். இதைப் போனில் பதிவுசெய்து கொண்டுவந்து, அதன்மேல் தம் தாம் பாடிப் பாருங்கள். மெட்ரோனோம் தராத ஒன்று அதில் கிடைக்கும். எந்திரம் எப்போதும் ஒரே மாதிரிதான் அடிக்கும், தப்புக்காரர் முடிவை நோக்கிப் போகிறார் என்பது அடியிலேயே தெரியும்.

ஆக, ராத்திரி ஒரு மணித்தியாலம் மட்டும் உள்ளவருக்கு என் பங்கீடு இப்படி: முதல் பத்து நிமிடம் பழைய விரல் பயிற்சி. நுவரெலியா போன்ற, 1,800 மீற்றருக்கும் மேலே உள்ள இடத்தில் இரவுக் குளிரில் விரல் விறைத்திருக்கும். சூடாக்காமல் எதையும் தொடக்கூடாது. அடுத்த பத்து நிமிடம் தகிட தகிட தக. அப்புறம் அரை மணித்தியாலம் பாடி வாசிப்பது. மிச்சத்தில் அந்தக் கிழமைக்கு எடுத்துக்கொண்ட நாலு பாரைக் கேட்பது. கோர்ட் வழியைத் தனியே வைக்கவில்லை. பாடியது எந்தக் கோர்டில் உட்காருகிறது என்று பார்க்கும்போதே அது வந்துவிடும்.

எல்லாருக்கும் இதே ஒழுங்கு பொருந்தாது. மெட்ரோனோமை 40இல் வைத்து, அதை இரண்டாம், நாலாம் அடியாக எண்ணிக்கொண்டு நம் பயிற்சியை இரண்டு நிமிடம் வாசித்து, போனில் பதிவுசெய்து கேட்டுப் பாருங்கள். நடுவில் மெட்ரோனோமின் அடி முதலாம் அடியாக மாறிப் போயிருந்தால், அல்லது நீங்கள் அதை முந்திக்கொண்டே இருந்தால், பாடுவதைத் தள்ளிவையுங்கள். இரண்டு மூன்று மாதம் மெட்ரோனோம் வழியையே முதன்மையாக வைப்பதுதான் சரி. காலம் ஆடுகிற கையில் எவ்வளவு நல்ல ஃபிரேஸும் நிற்காது. ஏற்கெனவே தேவாலயத்திலோ இசைக்குழுவிலோ கிழமைதோறும் வாசிப்பவர், வீட்டில் அந்த வாரத்துப் பாட்டுகளின் வரி முடிவுகளை மட்டும் பாடிப் பார்த்துக்கொண்டு போனால் போதும். மிச்சத்தை அந்த இடமே கற்றுத்தரும்.

இன்னொரு வகை, அடுத்த மாதம் கல்யாணத்தில் வாசிக்க ஒப்புக்கொண்டவர். இருபது பாட்டுப் பட்டியல் கையில் இருக்கும், பாடிப் பழக நேரம் இருக்காது. அவருக்குக் கேட்டு எடுக்கும் வழிதான். ஆனால் முழுப்பாட்டையும் எடுக்க உட்கார வேண்டாம். பல்லவி முடிந்து இடையிசை தொடங்கும் இடம், இடையிசை முடிந்து சரணம் வரும் இடம், கடைசியாகப் பாட்டு நிற்கும் இடம், இந்த மூன்றிலும் பேஸ் என்ன செய்கிறது என்பதை மட்டும் ஹெட்போனில் கேட்டு எடுங்கள். மற்ற இடங்களில் ரூட்டும் கோர்டின் ஐந்தாவது ஸ்வரமும் போதும், குட்டையையும் நீளத்தையும் டிரம்ஸில் காலால் அடிக்கும் பெரிய மேளத்தோடு சேர்த்துப் பிடித்தால்.